கூண்டு ஏற்றிய செய்தி கடைசி வீட்டுக்குப் போனதா? ராமநாதபுரம் கடற்கரையில் பேரிடர் ஆயத்தத்தை ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

சமூகப்பணி படிக்கும் மாணவர்கள், தொண்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சொந்த ஊருக்காகக் கணக்கெடுக்க நினைக்கும் மீனவ இளைஞர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பேரிடர் ஆயத்தம் பற்றி வரும் அறிக்கைகளில் பல, கொடுத்ததைத்தான் எண்ணுகின்றன. இத்தனை பேருக்குப் பயிற்சி, இத்தனை துண்டறிக்கை, இத்தனை ஒத்திகை என்று பட்டியல் நீளும். எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேர்ந்தது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது, கேட்டவரால் உடனே கிளம்ப முடிந்ததா என்ற மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்காது. உயிர் தங்குவதும் போவதும் இந்த மூன்றில்தான். இவற்றை அளக்க என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

“ராமநாதபுரம் மாவட்ட மீனவர்களிடையே பேரிடர் விழிப்புணர்வு” என்ற தலைப்போடு வருகிறவர்கள் நிறைய. அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இந்தக் கரையில் இரண்டு கடல்கள் இருக்கின்றன. வடக்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் நிலைமை தலைகீழாகும். விசைப்படகில் போகிறவரின் ஆபத்தும், வத்தை என்ற சிறு படகில் தனியாகப் போகிறவரின் ஆபத்தும், இடுப்பளவு நீரில் பாசி எடுக்கும் பெண்ணின் ஆபத்தும் வேறு வேறு.

அதனால் ஓர் ஊர், ஒரு பிரிவினர், ஓர் ஆபத்து, ஒரு செயல் என்று கேள்வியைக் குறுக்குங்கள். “பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குப் பலத்த காற்று எச்சரிக்கை, கடலில் இறங்கும் முன்பே கிடைக்கிறதா?” இப்படிக் கேட்டால் ஆம், இல்லை, இத்தனை பேருக்கு என்று பதில் சொல்லிவிடலாம். புயல் மட்டும்தான் பேரிடர் என்று நினைக்கவும் வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று புயல் எதுவும் இல்லாமலே ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் எங்கோ தொலைவில் கிளம்பிய அலை கரையேறும் கள்ளக்கடலும் இருக்கிறது. கடல் அரிப்பும் வறட்சியும் மெதுவாக வரும் பேரிடர்கள். அவற்றுக்கு வேறு முறை வேண்டும், இங்கே அவற்றைத் தொடவில்லை.

இரண்டாம் படி: எச்சரிக்கை ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்

ஊருக்குள் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும். அதைத் தேடி எடுத்து, உங்கள் ஊரின் பெயர் வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்திய வானிலை ஆய்வு மையம் புயலுக்கு நான்கு கட்டங்களாக எச்சரிக்கை தருகிறது. முதலில் ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன் ஒரு முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் உஷார்நிலை, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரை கடந்தபின் என்ன ஆகும் என்ற கணிப்பு. அலை உயரம், கள்ளக்கடல், சுனாமி ஆகியவற்றுக்கு ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ். அங்கே சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எண்கள் 1 முதல் 11 வரை. ஒன்றும் இரண்டும் தூரத்தில் உள்ள அமைப்பைப் பற்றியவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதைச் சொல்பவை. ஐந்து முதல் பத்து வரை அபாயம், பெரிய அபாயம். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஆய்வு செய்ய வருகிறவருக்கே இந்த வேறுபாடு தெரியவில்லை என்றால், பதில் சொல்கிறவர் சரியாகச் சொன்னாரா என்று எப்படி முடிவுசெய்வது?

மூன்றாம் படி: அனுமதியும் அறிமுகமும்

ஆட்சியர் அலுவலகத்திலும் மீன்வளத் துறையிலும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். ஊர் அனுமதி தனி. சில ஊர்களில் கிராமக் கமிட்டித் தலைவர், தங்கச்சிமடம், காரங்காடு போன்ற இடங்களில் பங்குத்தந்தை, கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஜமாத். இவர்களைப் பார்ப்பதை வெறும் மரியாதையாக எண்ணாதீர்கள். எச்சரிக்கை வரும்போது ஊருக்கு அறிவிக்கும் ஒலிபெருக்கி பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருக்கும். ஆகவே இவர்களே உங்கள் முதல் தகவலாளர்கள்.

நான்காம் படி: நாளைத் தேர்ந்தெடுப்பது

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பதால் நீண்ட பேச்சுக்கு அது நல்ல காலம். ஆனால் சிலர் வெளியூர் வேலைக்குப் போயிருப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். முதல் அளவீட்டை ஆகஸ்ட், செப்டம்பரில் முடித்துவிட்டு, வடகிழக்குப் பருவம் ஓய்ந்த ஜனவரியில் இரண்டாவது அளவீட்டுக்குப் போவதே என் கணிப்பில் சரியான வரிசை. ராமேசுவரம் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றிக் கடலுக்குப் போவார்கள் என்பதால், ஒரே கிழமையில் போனால் ஒரு பகுதியினரை மட்டுமே பார்ப்பீர்கள். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலில் இருப்பார்கள். நாட்காட்டி பார்க்காமல் போய், “பெண்கள் பங்கேற்க ஆர்வம் காட்டவில்லை” என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஐந்தாம் படி: யாரை, எத்தனை பேரை

சதவீதம் சொல்ல வேண்டும் என்றால் மாதிரி எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு உண்டு. பெரிய மக்கள்தொகையில் 95 சதவீத நம்பிக்கையோடு (நூறு முறை இப்படி மாதிரி எடுத்தால் ஏறத்தாழ 95 முறை உண்மை அளவு இந்தப் பிழை எல்லைக்குள் இருக்கும்), கூடக்குறைய 10 புள்ளிப் பிழை போதும் என்றால் 96 வீடுகள், 5 புள்ளிப் பிழை வேண்டும் என்றால் 384 வீடுகள். ஊர் சின்னதாக இருந்தால் எண்ணிக்கை குறையும். 300 வீடு உள்ள ஊரில் 10 புள்ளிப் பிழைக்கு 73 வீடு போதும். ஆண், பெண், விசைப்படகு, நாட்டுப்படகு என்று பிரித்துச் சதவீதம் சொல்லப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே போதுமான எண்ணிக்கை வேண்டும்.

வீடுகளைத் தேர்வதற்குப் பட்டியல் வையுங்கள், குலுக்கல் போடுங்கள். ரோட்டோர வீடுகளையும் தலைவர் அழைத்துப்போகும் வீடுகளையும் மட்டும் கேட்டுவிட்டு வருவது இங்கே அடிக்கடி நடக்கிறது. ரோட்டோர வீட்டுக்குச் செய்தி எப்படியும் வந்துவிடும். மணல்மேட்டுக்கு அப்பால் ஓலைக் குடிசையில் இருக்கிறவர், வாடகைக்கு வந்து தங்கியிருக்கும் கருவாட்டுக் கொட்டகைத் தொழிலாளி, காது கேளாதவர், தனியாக வாழும் முதியவர் ஆகியோர் குலுக்கலில் விழாமல் போகலாம். இவர்களைத் தேடிப்போய்த் தனியாகப் பேசுங்கள். அந்தப் பதில்களைச் சதவீதத்தில் கலக்காமல் தனியாக எழுதுங்கள்.

ஆறாம் படி: கேட்கும் விதம்

“புயல் எச்சரிக்கை பற்றித் தெரியுமா?” என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கிறவரிடம் தெரியாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? சூழலைச் சொல்லிச் செயலைக் கேளுங்கள். “அண்ணே, மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்னு சாயங்காலம் தெரியுது. படகு நங்கூரத்துல கிடக்கு. என்ன பண்ணுவீங்க?” அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். “அக்கா, போன தடவை காத்து மழைன்னு சொன்னப்போ உங்களுக்கு யாரு சொன்னா? அப்போ நீங்க என்ன வேலையா இருந்தீங்க?” என்று கேட்டால் நேரமும் வழியும் தானாக வந்துவிடும்.

ஆண்டு கேட்டால் நினைவு தடுமாறும். அதற்கு நிகழ்ச்சி நாட்காட்டி ஒன்று தயார்செய்யுங்கள். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது, 2004 சுனாமி, 2018 கஜா புயல், 2020 கொரோனா ஊரடங்கு, 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்தது. “பாலம் திறந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் பெரியவர்கள் சட்டென்று இடம் காட்டிவிடுவார்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் 22 இரவை நேரில் கண்டவர்கள் அருகிவிட்டார்கள். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார். அவர்கள் வாயால் கேட்டதைப் பதிவுசெய்வது நம் காலத்துக்கே உரிய அவசர வேலை. ஆனாலும் அவர் கண்டதையும் பின்னால் கேட்டு நிரம்பியதையும் பிரித்துக்கொள்ள, அன்றைய செய்தித்தாளோடும் வானிலைப் பதிவோடும் ஒத்துப்பாருங்கள்.

கேள்வித்தாளோடு நின்றுவிடாமல், ஊர்க்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து, பேரிடரின்போது மக்களைத் தங்கவைக்கும் பாதுகாப்பு மையம் வரை நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்கும், எந்த இடத்தில் இரவில் விளக்கு இல்லை, சக்கர நாற்காலி எங்கே மணலில் புதையும் என்பதெல்லாம் நடையில்தான் தெரியும். பிறகு தரையில் ஊர் வரைபடம் போடச் சொல்லுங்கள். பெண்களுக்குத் தனியாக, ஆண்களுக்குத் தனியாக. இரண்டு வரைபடமும் ஒத்துப்போகாத இடங்களில் கூடுதல் நேரம் செலவழியுங்கள்.

ஏழாம் படி: எச்சரிக்கையின் பாதையைத் தொடருவது

ஒரே ஒரு முறையைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஓர் உண்மையான எச்சரிக்கை வெளியான நாளை எடுத்துக்கொண்டு, அது கடந்து வந்த ஒவ்வொரு கையிலும் நேரத்தைக் குறியுங்கள். வானிலை மையம் வெளியிட்ட நேரம் அறிக்கையிலேயே இருக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு எப்போது வந்தது? கடலுக்குப் போகக் கொடுக்கும் அனுமதிச் சீட்டான டோக்கனை மீன்வளத் துறை எப்போது நிறுத்தியது? கிராம நிர்வாக அலுவலர் எப்போது கேள்விப்பட்டார்? ஒலிபெருக்கியில் எப்போது சொன்னார்கள்? பாம்பனில் 90.4 அலைவரிசையில் இயங்கும் கடல் ஓசை சமூக வானொலியில் கேட்டவர்கள் உண்டா? வாட்ஸ்அப் குழுவில் எப்போது வந்தது? கைபேசியிலேயே நேரம் பதிந்திருக்கும், கேட்டால் காட்டுவார்கள். கடைசியாக வீட்டில் இருப்பவர், ஏற்கெனவே கடலில் இருந்தவர். இவர்கள் இருவரின் நேரமும் இல்லாமல் இந்த ஆய்வு முடியாது.

டோக்கன் நிறுத்தியது விசைப்படகுக்குப் பொருந்தும். டோக்கன் வாங்காமலே கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும் சிறு படகுகளுக்கு அந்த வாசல் கிடையாது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் படகுகளில் செயற்கைக்கோள் வழித் தகவல் கருவி பொருத்தும் முயற்சிகள் வேகம் பெற்றன. கருவி பொருத்தியிருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், வேலை செய்கிறதா, செய்தி எந்த மொழியில் வருகிறது, படகில் யாருக்கு அதைப் படிக்கத் தெரியும் என்பதையும் பாருங்கள்.

கணக்குப் போடும்போது சராசரியை நம்பிவிடாதீர்கள். ஒரு கற்பனை உதாரணம்: ஒன்பது வீடுகளுக்குச் செய்தி வர 20, 25, 25, 30, 30, 40, 45, 60, 400 நிமிடங்கள் ஆயின என்று வைத்துக்கொள்வோம். சராசரி 75 நிமிடம். அந்த 75 எந்த வீட்டுக்கும் பொருந்தவில்லை. நடுவில் உள்ள எண் 30, ஊரின் பெரும்பகுதி நன்றாக இருக்கிறது என்று அது சொல்கிறது. 400 நிமிடம் ஆன வீட்டுக்குத் திரும்பிப் போய் ஏன் என்று கேளுங்கள். உங்கள் ஆய்வின் மிகப் பயனுள்ள பக்கம் அந்த வீட்டு வாசலில் கிடைக்கலாம்.

எட்டாம் படி: அளவுகோலை முன்கூட்டியே எழுதுங்கள்

எது நடந்தால் ஆயத்தம் நன்று, எது நடந்தால் போதவில்லை என்பதை ஊருக்குள் போகும் முன்பே எழுதிவிட வேண்டும். பழைய பாம்பன் ரயில் பாலம் பயன்பாட்டில் இருந்தபோது, காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் விழாமல் ரயில் நின்றுவிடும் ஏற்பாடு இருந்தது. ஓர் அளவு, அதைத் தாண்டினால் ஒரு செயல் என்ற அந்தத் தெளிவு உங்கள் அளவுகோல்களுக்கும் வேண்டும்.

பாதுகாப்பு மையத்துக்கு, பேரிடர் நிவாரணப் பணிக்கான உலகளாவிய தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின் குறைந்தபட்ச அளவுகள் இருக்கின்றன. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளுக்கு 15 லிட்டர் நீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்து, மையத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்று எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்ப முடியுமா, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, பெண்கள் கழிப்பறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பவற்றையும் சேருங்கள். சுனாமிக்கு யுனெஸ்கோவின் சுனாமித் தயார்நிலைத் திட்டத்தில் 12 குறிகாட்டிகள் உண்டு. ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்ற இரு ஊர்கள் 2020-இல் அந்த அங்கீகாரம் பெற்றன. அதே பட்டியலை வைத்து நம் ஊரைச் சோதித்துப் பார்க்கலாம், அங்கீகாரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: ஒத்திகையை மதிப்பிடுவது

உண்மைப் புயலுக்காகக் காத்திருக்க முடியாது என்பதால் ஒத்திகைதான் நமக்குச் சோதனைக்களம். முந்தைய நாளே எல்லாப் பார்வையாளர்களின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள். கரையில் ஒருவர், கடைசித் தெருவில் ஒருவர், மையத்தின் வாசலில் ஒருவர் என்று நிறுத்துங்கள். அவர்கள் உதவக் கூடாது, வழிகாட்டக் கூடாது, எழுத மட்டும் வேண்டும். முதல் ஆள் வந்த நேரம், பாதிப் பேர் வந்த நேரம், கடைசி ஆள் வந்த நேரம், வராதவர் யார், ஏன் வரவில்லை. ஆட்டை விட்டு வர மனமில்லை, படகை யார் பார்ப்பது, வயதுவந்த பெண்பிள்ளையை அந்தக் கூட்டத்தில் எப்படித் தங்கவைப்பது என்பவை நியாயமான காரணங்கள். இவற்றை அலட்சியம் என்று எழுதாதீர்கள். ஒத்திகை முடிந்த அன்றே, ஆட்கள் கலைவதற்கு முன், என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை எதை மாற்றுவோம் என்ற நான்கையும் கேட்டு எழுதிவிடுங்கள்.

பத்தாம் படி: சேதம் குறைந்தால் ஆயத்தம் வென்றதா?

புதியவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ராமநாதபுரத்தில் இழப்பு அதோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. இலங்கை மறைத்து நின்றதுதான் காரணம், நம் ஆயத்தத்துக்கு அதில் பங்கில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, பாம்பனுக்கு அருகே கடலிலேயே நகராமல் நின்று வலுவிழந்தது. அந்த முறை முன்னேற்பாடுகள் நன்றாகவே நடந்திருக்கலாம். ஆனால் சேதக் கணக்கை வைத்து அதை நிரூபிக்க முடியாது, ஏனென்றால் புயலே தளர்ந்துவிட்டது. சேதத்தை எழுதும்போது காற்றின் வேகம், கடல்மட்ட உயர்வு, மழை அளவு ஆகியவற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆயத்தத்தைத் தனியாகச் செயல்களால் அளவிடுங்கள்: எத்தனை படகு கரையேறியது, எத்தனை பேர் இடம்பெயர்ந்தார்கள், எத்தனை மணிக்கு.

ஒரு திட்டத்தால் மாற்றம் வந்ததா என்று சொல்ல ஒப்பீட்டு ஊர் வேண்டும். பயிற்சி நடந்த ஊரில் சரியான பதில் 40 சதவீதத்திலிருந்து 70 ஆனது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி நடக்காத ஊரிலும் அதே காலத்தில் 35 என்பது 50 ஆகியிருந்தால், திட்டத்தின் பங்கு 30 புள்ளி அன்று, 15 தான். மீதி 15 தொலைக்காட்சியாலோ நடுவில் வந்த புயலாலோ நேர்ந்திருக்கலாம். வடகடல் ஊருக்குத் தென்கடல் ஊரை ஒப்பீடாக வைக்காதீர்கள். ஒரே கடல், ஒரே வகைப் படகு, சாலையிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம் என்று தேடுங்கள்.

பதினோராம் படி: எழுதக் கூடாதவையும் திருப்பிக் கொடுப்பதும்

எங்கே மீன்பிடிக்கிறீர்கள் என்ற கேள்வி இந்தக் கரையில் சாதாரணக் கேள்வி அல்ல. எல்லைக்கோட்டுக்கு அருகே போகும் படகின் இடக்குறிப்பும் பதிவெண்ணும் உங்கள் கோப்பில் இருந்தால், அது கைமாறும் நாளில் ஒரு குடும்பத்துக்குத் தீங்காக முடியலாம். ஆய்வுக்குத் தேவையில்லாததைக் கேட்காதீர்கள். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். கணக்கெடுக்க வந்தவர் என்றதும் நிவாரணம் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறக்கும், முதல் நிமிடத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஆளை இழந்த வீட்டில் உடனே கேள்வித்தாளை நீட்டாதீர்கள்.

அறிக்கை எழுதி முடித்ததும், கல்லூரிக்கோ நிதி கொடுத்தவருக்கோ போகும் முன் ஊரில் வாசியுங்கள். ஏலம் முடிந்த நேரத்தில் ஒரு கூட்டம், பெண்களுக்கு அவர்கள் சொல்லும் நேரத்தில் தனியாக ஒன்று. ஒரே தாளில் எந்தத் தெருவுக்குச் செய்தி தாமதமாகிறது, சாவி யாரிடம் இருக்க வேண்டும், எந்த விளக்கு எரியவில்லை என்று பெரிய எழுத்தில் எழுதி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, கடலில் ஆபத்தென்றால் அழைக்க வேண்டிய கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்களையும் சேர்த்து ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள். தவறு என்று அவர்கள் திருத்துவதைத் திருத்துங்கள். திருத்திய பிரதி ஒன்று கிராமக் கமிட்டிக்கு, ஒன்று மீன்வளத் துறைக்கு, ஒன்று ஆட்சியர் அலுவலகத்துக்கு. கேள்வித்தாளின் வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் பத்திரப்படுத்தி, வீட்டுப் பட்டியலோடு ஊரில் ஓர் இளைஞரிடம் பயிற்சி கொடுத்து ஒப்படையுங்கள். அடுத்த செப்டம்பரில் அதே கேள்விகளை அவர்களே கேட்கட்டும்.